புதிய யந்திரமும் அச்சிட்ட அட்டவணையும்: தடுப்புப் பராமரிப்பின் ஆதாரங்கள் குறித்து ஓர் ஆய்வு

1. எழும் கேள்வி

கோயம்புத்தூர் வட்டாரத்தில் ஒரு நூற்பாலை, நூல் நூற்கும் புதிய ரிங் பிரேம்களை வாங்கி நிறுத்தும்போது, யந்திரத்தோடு கனத்த கையேடு ஒன்றும் வந்து சேருகிறது. அதன் பிற்பகுதியில் தினசரி, வாராந்தர, மாதாந்தர, வருடாந்தரப் பணிகள் என்று கட்டம் கட்டி அச்சிட்ட அட்டவணை இருக்கும். பராமரிப்புப் பிரிவின் தலைவர் அந்த அட்டவணையைப் பெரிதாக எழுதிச் சுவரில் மாட்டியவுடன், ஆலைக்குத் தடுப்புப் பராமரிப்புத் திட்டம் உண்டாகிவிட்டதாக நிர்வாகம் கருதிக்கொள்கிறது. தணிக்கைக்கு வருகிறவர்களும் அதைக் கண்டு திருப்தியடைந்து போகிறார்கள். இன்னும் ஒரு ஷிப்டுகூட ஓடி முடிக்காத யந்திரத்தில் எந்த உறுப்பு எத்தனை மணி நேரத்தில் தேயும் என்பதை எவர், எந்த ஆதாரத்தைக் கொண்டு அறிந்து அந்தக் கட்டங்களை நிரப்பினார் என்ற கேள்வி மட்டும் அநேகமாக எழுவதேயில்லை. இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் விஷயம் அதுவே.

நூற்பாலையை உதாரணமாகக் கொள்வதற்குத் தக்க காரணம் உண்டு. 1888-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய ஆலையிலிருந்தும், 1930-களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின்சாரம் வந்ததையொட்டிப் பெருகிய ஆலைகளிலிருந்தும் தொடர்ந்து வரும் யந்திர அனுபவம் அந்நகருக்கு இருக்கிறது. 1956-இல் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் அங்கே தோன்றியது. 1962-இல் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் நிறுவப்பட்டு, ரிங் பிரேமை அந்த ஊரே உற்பத்தி செய்யவும் தொடங்கியது. இத்தனை அனுபவம் திரண்டுள்ள இடத்திலும் புதிய யந்திரத்தின் பராமரிப்பு பெரும்பாலும் நம்பிக்கையின் பேரிலேயே நடைபெறுகிறது என்றால், அந்த நம்பிக்கையின் வேர் எது என்று ஆராய்வது வீணாகாது.

2. மரபாக வழங்கும் சித்தாந்தம்

அட்டவணைகளுக்கு அடிப்படையாகச் சொல்லப்படாமலே நிற்பது ஒரு வளைகோடு. குளியல் தொட்டியின் குறுக்குவெட்டைப் போலிருப்பதால் பொறியாளர்கள் அதற்கு அந்தப் பெயரையே இட்டிருக்கிறார்கள். மனிதரின் மரண விகிதத்தை வயதுவாரியாகக் கணக்கிட்ட அட்டவணைகளை ஒத்த கற்பனை இது: பிறந்தவுடன் பழுதுகள் மிகுந்திருக்கும், சிறிது காலத்தில் குறைந்து நெடுநாள் சமநிலையில் நிற்கும், முதுமை நெருங்கியதும் மறுபடியும் உயரும். இந்த உருவத்தை ஏற்றுக்கொண்டால், முதுமை தொடங்கும் புள்ளிக்குச் சற்று முன்னரே யந்திரத்தைப் பிரித்துத் துலக்கி, தேய்ந்ததை மாற்றிப் பூட்டிவிட வேண்டும் என்ற முடிவு தானாகவே பின்தொடர்கிறது. ஆலைகளில் ‘ஓவர்ஹாலிங்’ என்று வழங்கும் பணியின் தர்க்கம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

பார்வைக்கு நியாயமாகவே தோன்றும் இந்தத் தர்க்கம் இரண்டு அனுமானங்களின் மேல் நிற்கிறது. எல்லா உறுப்புகளுக்கும் முதுமை என்று ஒன்று உண்டு என்பது முதலாவது. அந்த முதுமை ஏறக்குறைய ஒரே வயதில் வந்து சேரும் என்பது இரண்டாவது. இவ்விரண்டும் சோதிக்கப்பட்டிருக்கின்றன, சோதனையின் முடிவு மரபுக்கு அனுகூலமாக இல்லை.

3. மறுத்துரைக்கும் சான்றுகள்

இரண்டாம் அனுமானத்தை முதலில் எடுத்துக்கொள்ளலாம். உருளும் பேரிங்குகளின் ஆயுள் பற்றி ஸ்வீடன் தேசத்து லுண்ட்பெர்க், பாம்கிரேன் என்ற இருவர் 1947-இல் வெளியிட்ட கணிதம் இன்றளவும் பேரிங் தேர்வுக்கு அடிப்படையாக இருக்கிறது. அம்முறைப்படி ஒரு பேரிங்குக்குக் கணக்கிடப்படும் ஆயுள், அது சாகும் காலமன்று. ஒரே வகைப் பேரிங்குகள் பலவற்றை ஒரே சுமையில் ஒரே வேகத்தில் ஓடவிட்டால் நூற்றுக்குப் பத்து பழுதாகிவிடும் காலம் மட்டுமே. அவற்றில் பாதி பழுதாவதற்கு ஏறக்குறைய அதைப்போல் ஐந்து மடங்கு காலம் செல்லும். ஆகையால், கணக்கிட்ட ஆயுள் முடிந்ததும் எல்லாப் பேரிங்கையும் கழற்றி எறிகிற ஆலை, நூற்றுக்குத் தொண்ணூறு நல்ல பேரிங்கைத் தூக்கி எறிவதோடு, அந்த நாளுக்கு முன்பே பழுதாகும் பத்தையும் தடுக்காமல் விட்டுவிடுகிறது.

பராமரிப்பே பழுதுக்குக் காரணமாகலாம் என்ற, கேட்பதற்கு முறையற்றதுபோல் ஒலிக்கும் செய்தியைப் புள்ளிவிவரத்தோடு நிறுவியவர், பொறியியலோடு சம்பந்தமே இல்லாத ஒரு கருவியல் அறிஞர். இரண்டாம் உலகப் போரின்போது, ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடிக் கடல்மேல் பறந்த பிரிட்டிஷ் விமானங்கள் ஒவ்வொரு 50 மணி நேரப் பறத்தலுக்குப் பின்னும் பரிசோதிக்கப்பட்டு வந்தன. விமானப்படையின் கரையோரப் பிரிவுக்கு ஆலோசனை கூறிய விஞ்ஞானிகள் குழுவில் இருந்த அந்த அறிஞர் சி. எச். வாடிங்டன் முதலானோர், பழுதுகள் எந்த மணியில் நேர்கின்றன என்று வரிசைப்படுத்திப் பார்த்தார்கள். பரிசோதனை பயன் தருவது உண்மையானால், அது முடிந்தவுடன் பழுதுகள் மிகக் குறைவாகவும், அடுத்த பரிசோதனை நெருங்க நெருங்க மிகுதியாகவும் இருக்க வேண்டுமல்லவா? நேர்ந்தது இதற்கு நேர்மாறு. பரிசோதனைக்கூடத்திலிருந்து வெளிவந்த விமானமே அதிகம் பழுதுபட்டது. மணி ஏற ஏறப் பழுது குறைந்தது. அடுத்த பரிசோதனைக்குப் பின் மறுபடியும் உயர்ந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்ததைப் பிரித்துப் பூட்டியதே அதன் அமைதியைக் குலைத்தது என்பதைத் தவிர வேறு விளக்கம் பொருந்தவில்லை. போர்க்கால ரகசியமாயிருந்த இந்த ஆய்வு 1973-இல்தான் நூலாக வெளிவந்தது.

முதல் அனுமானத்தைச் சோதித்தவர்கள் யுனைடெட் ஏர்லைன்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்டான்லி நௌலன், ஹோவர்ட் ஹீப் ஆகியோர். அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக 1978 டிசம்பரில் அவர்கள் அளித்த அறிக்கை, விமான உறுப்புகளின் பழுதுகளை ஆறு வகை வளைகோடுகளாகப் பிரித்தது. மரபு சர்வசாதாரணமாக எடுத்துக்கொண்ட குளியல் தொட்டி வளைவுக்குள் அடங்கியவை நூற்றுக்கு 4 மட்டுமே. 68 சதவீத உறுப்புகள் தொடக்கத்தில் மிகுதியாகப் பழுதாகி, பிறகு வயதைப் பொருட்படுத்தாமல் ஒரே விகிதத்தில் நின்றன. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், வயது வரம்பு நிர்ணயித்து மாற்றுவதால் பயனடையக்கூடியவை 11 சதவீதத்துக்கு மேலில்லை. அறிக்கை எழுதப்படும் முன்னரே இந்த எண்ணத்தை விமான உலகம் அனுசரிக்கத் தொடங்கியிருந்தது: டி.சி.-8 விமானத்துக்கு 339 உறுப்புகளைக் காலக்கெடுவின்படி பிரித்துத் துலக்கும் திட்டம் இருந்தது. பின்னர் வந்த, அதைவிடப் பெரிய டி.சி.-10 விமானத்துக்கு அவ்விதம் குறிக்கப்பட்டவை ஏழே ஏழு.

4. விமானத்தின் நியாயம் ஆலைக்குச் செல்லுமா?

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். 68 சதவீதம் என்ற எண்ணை ஓட்டல் கருத்தரங்குகளில் திரையில் காட்டி, ஆலைகளும் தங்கள் அட்டவணைகளைக் கிழித்தெறிய வேண்டும் என்று உபதேசிக்கும் ஆலோசகர்கள் பெருகியிருக்கிறார்கள். அந்த எண் அந்த விமானங்களுக்கு உரியது. 1982-இல் அமெரிக்கக் கடற்படையின் கப்பல் கருவிகளைக் குறித்து நடந்த ஆய்வில், அதே வகை வளைகோட்டின் பங்கு 29 சதவீதமாக இறங்கியது. முதுமையில் தெளிவாகத் தேயும் வகையின் பங்கு விமானத்தில் 2 சதவீதமாயிருந்தது கப்பலில் 17 ஆக உயர்ந்தது. உப்புக் காற்றில் நிற்கும் கருவிக்கும், பஞ்சுத் தூசியில் இரவு பகல் ஓடும் கருவிக்கும் தத்தம் விகிதங்கள் இருக்கும். கேள்வி கேட்கும் முறையை விமானத்திலிருந்து கடன் வாங்கலாம். விடையை வாங்க முடியாது.

ரிங் பிரேமை அருகில் சென்று பார்த்தால் இது விளங்கும். வளையத்தின் விளிம்பில் நூலை இழுத்துக்கொண்டு ஓடும் டிராவலர் என்ற சிறு கம்பி வளைவை எடுத்துக்கொள்வோம். 36 மில்லிமீட்டர் விட்டமுள்ள வளையத்தில், கதிர் நிமிஷத்துக்கு 20,000 சுற்றுச் சுற்றும்போது, அந்தச் சிறு துண்டு விநாடிக்கு ஏறக்குறைய 37 மீட்டர், அதாவது மணிக்கு 130 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் உலோகத்தின்மேல் உலோகமாக உராய்ந்து செல்கிறது. அதற்கு எண்ணெய் இடுவதில்லை. எண்ணெய் இட்டால் நூல் கறைபடும். பருத்தி இழைகள் நசுங்கி வளையத்தின்மேல் படியும் மெல்லிய படலமே அதற்கு மசகு. இந்த உறுப்புக்கு முதுமை உண்டென்பதில் சந்தேகமே இல்லை. மேல் உருளைகளின் ரப்பர் உறைகளும், ஏப்ரன்களும் அப்படியே. இவற்றைக் காலக்கெடு வைத்து மாற்றுவதும், உறைகளைத் தேய்த்துச் சமன் செய்வதும் மரபின் மூடநம்பிக்கையல்ல, பிரத்தியட்ச அனுபவம்.

ஆனால் அதே டிராவலர், யந்திரம் புதிதாயிருக்கும்போது வேறொரு பாடத்தையும் கற்பிக்கிறது. புதிய வளையத்தில் இழைப் படலம் இன்னும் படிந்திராது. ஆகவே முழு வேகத்தில் ஓட்டினால் டிராவலர் சூடேறி எரிந்து, வளையத்தின் மேற்பரப்பையும் கெடுத்துவிடும். அனுபவம் உள்ள ஆலைகள் தொடக்கத்தில் வேகத்தைக் குறைத்து ஓட்டி, முதல் டிராவலர்களை மிகக் குறுகிய நேரத்தில் மாற்றி, பிறகு இடைவெளியைப் படிப்படியாக நீட்டி, வளையத்தைப் பழக்குகின்றன. கதிரின் அடியிலுள்ள எண்ணெயும் அவ்வாறே. முதல் ஓட்டத்தில் கழன்று வரும் நுண்ணிய உலோகத் துகள்களுக்காக முதல் மாற்றத்தை முன்கூட்டியே செய்துவிடுவார்கள். ஆண்டு முழுவதற்கும் ஒரே சீராக இடைவெளி விட்டு அச்சிட்ட அட்டவணைக்குள் இந்த முதற்பருவம் அடங்காது. புதிய யந்திரத்துக்கு இரண்டு திட்டங்கள் வேண்டும்: பழகும் காலத்துக்கு ஒன்று, பழகிய பின் ஒன்று. ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும் நாளைக் காலண்டரைப் பார்த்தல்ல, டிராவலரின் தேய்மானத்தையும் நூல் அறுதலின் எண்ணிக்கையையும் பார்த்தே நிர்ணயிக்க வேண்டும்.

இன்னொரு பழுது, நின்று போவதையே பழுதென்று எண்ணும் வழக்கத்தைக் கேள்விக்குள்ளாக்குகிறது. டேப்பினால் சுற்றும் பிரேம்களில் சாதாரணமாக ஒரு டேப் நான்கு கதிர்களைச் சுற்றுகிறது. அது தளர்ந்தால் கதிர் நிற்பதில்லை. சற்று மெதுவாகச் சுற்றுகிறது. முறுக்குக் குறைந்த நூல் பாபினில் ஏறுகிறது, கோன் ஆகிறது, மூட்டையாகித் திருப்பூருக்குப் போய்ச் சேருகிறது. பின்னலாடை யந்திரத்தில் அது அறுந்து துணியில் ஓட்டை விழும்போதுதான் பழுது வெளிப்படுகிறது. அதற்குள் எந்தப் பிரேமின் எந்தக் கதிர் என்று கண்டுபிடிப்பது அசாத்தியமாகிவிடுகிறது. பழுது நிகழ்ந்த ஆலையின் பதிவேட்டிலோ, அந்தப் பிரேம் ஒரு நிமிஷமும் நிற்கவில்லை என்ற பெருமை பதிவாகியிருக்கும். ஸ்ட்ரோபோஸ்கோப் விளக்கை வைத்து மந்தக் கதிர்களைத் தேடுவது, நிறுத்தங்களை மட்டுமே எண்ணும் திட்டத்தில் இடம்பெற நியாயமில்லை. யந்திரம் எதற்காக ஓடுகிறது என்று முதலில் எழுதிக்கொண்டு தொடங்கும் திட்டத்தில் அது முதல் வரிசையில் வந்து நிற்கும்.

5. பழுது நேராமல் பழுதை அறிவது எங்ஙனம்?

புதிய யந்திரத்தின் மூலச் சிக்கலை ரெஸ்னிகாஃப் என்ற கணித அறிஞர் 1978-இல் ஒரு முரண்பாடாக எடுத்துரைத்தார்: எந்தப் பழுது நேரவே கூடாதோ, அதைத் தடுக்கும் திட்டத்துக்குத் தேவையான புள்ளிவிவரம் அந்தப் பழுது பலமுறை நேர்ந்தால்தான் கிடைக்கும்; திட்டம் வெற்றி பெற்றால் புள்ளிவிவரம் கிடைக்கவே கிடைக்காது. இதனால் புள்ளிவிவரத்தைக் கொண்டு திட்டமிடுவதே வீண் என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். என் அபிப்பிராயத்தில் அது அவசர முடிவு. நூற்பாலை, இந்த முரண்பாட்டின் எல்லையைக் காட்டும் இடமாக இருக்கிறது.

இன்றைய பிரேம் ஒன்றில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கதிர்கள் உண்டு. அத்தகைய பிரேம்கள் இருபது நிற்கும் ஆலையில், ஒரே வகை உறுப்பு இருபதாயிரம், ஒரே காற்றில் ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் ஒன்று பழுதானால் அந்தப் பிரேமின் உற்பத்தியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே போகும். இழப்பு அற்பம், கிடைக்கும் அறிவோ பெரிது, சில மாதங்களிலேயே அந்த உறுப்பின் இயல்பு தெரிந்துவிடும். பழுதானவற்றைப் போலவே, இத்தனை மணி ஓடியும் பழுதாகாதவற்றின் எண்ணிக்கையும் சான்றுதான் என்பதை மறவாதிருந்தால் போதும். பிரேமின் தலைப்பகுதியில் இருக்கும் பல்சக்கரப் பெட்டியும் பிரதான மோட்டாரும் இதற்கு எதிர்க்கோடி. பிரேமுக்கு ஒன்று, பழுதானால் ஆயிரம் கதிரும் நிற்கும், புள்ளிவிவரம் சேரக் காத்திருக்க முடியாது. அங்கே தர்க்கமும் கண்காணிப்புமே கதி: அதிர்வு, வெப்பம், எண்ணெயின் நிறம், மோட்டார் இழுக்கும் கரண்ட். தீங்கு முதன்முதல் புலப்படும் நேரத்துக்கும் உறுப்பு செயலிழக்கும் நேரத்துக்கும் இடையே எவ்வளவு அவகாசம் இருக்கிறதோ, அதில் பாதிக்கு ஒருமுறையேனும் பார்க்க வேண்டும் என்பது இத்துறையினர் பொதுவாகக் கைக்கொள்ளும் விதி. உறுப்பின் சராசரி ஆயுளுக்கும் இந்த இடைவெளிக்கும் சம்பந்தமில்லை. பத்து ஆண்டு ஓடக்கூடிய பேரிங்காயினும், சத்தம் கேட்டு மூன்று வாரத்தில் உடையுமானால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதிப்பது சோதிக்காததற்குச் சமானம்.

இவ்விரு வகைக்கும் அப்பால், பழுதானதே தெரியாமல் கிடக்கும் உறுப்புகள் உண்டு. பஞ்சு உடைக்கும் புளோரூமின் குழாய்களில் தீப்பொறியைக் கண்டு பஞ்சை வேறு வழியில் திருப்பிவிடும் கருவி, பொறி வராத வரையில் சும்மா இருக்கிறது. அது செத்துப் போயிருந்தாலும் அப்படியேதான் இருக்கும். இதைப் பராமரிப்பதென்றால், வேண்டுமென்றே பொறியைக் காட்டி அது விழித்தெழுகிறதா என்று சோதிப்பதுதான். புதிய யந்திரங்களை நிறுவும் அவசரத்தில் இந்தச் சோதனையே முதலில் கைவிடப்படுகிறது. புதிதாக வந்ததல்லவா என்ற எண்ணம் காரணம். நௌலன், ஹீப் அறிக்கையை நம்பினால், புதிதாயிருப்பதே இன்னும் சிரத்தையோடு சோதிக்கத் தக்க காரணம்.

சட்டம் விதித்த பரிசோதனைகளுக்கு இந்த வாதங்கள் எவையும் பொருந்தா. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், லிஃப்டுகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், பாரம் தூக்கும் யந்திரங்களையும் சங்கிலிகளையும் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறையும் தகுதி வாய்ந்தவர் பரிசோதிக்க வேண்டுமென்று வகுத்தது. உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் இடைவெளியை நீட்டிப் பார்க்கும் உரிமை ஆலைக்கு இல்லாதிருப்பதே முறை.

6. முதல் ஆண்டின் பதிவேடு

இதுவரை சொன்னவற்றிலிருந்து, உற்பத்தியாளரின் கையேட்டை ஒதுக்கிவிட வேண்டும் என்று யாரும் கொள்ளலாகாது. அதைப் பின்பற்றாவிட்டால் உத்தரவாதம் போய்விடும். அதைவிட முக்கியமாக, வடிவமைத்தவருக்குத் தெரிந்தது வாங்கியவருக்குத் தெரியாது. ஆயினும், அவருக்குத் தெரியாதவை பல இருக்கின்றன. மாதம் ஒருமுறை என்று அவர் எழுதும்போது, ஒரு ஷிப்டு ஓடும் ஆலையில் அது ஏறக்குறைய 200 மணி. மூன்று ஷிப்டும் ஓடும் கோவை ஆலையில் 720 மணி. 2012-இல் தமிழ்நாட்டு ஆலைகள் அனுபவித்ததைப் போன்ற மின்வெட்டில், யந்திரம் நாள் முழுதும் நின்று நின்று கிளம்ப நேரும். ஒவ்வொரு கிளம்பலும் டேப்புக்கும் மோட்டாருக்கும் நூலுக்கும் ஒரு சோதனை. எத்தனை முறை கிளம்பியது என்பதை எந்தக் கையேட்டின் கட்டமும் கேட்பதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றின் ஈரமும், வெளியூர்ப் பஞ்சின் தூசியும் அந்தக் கட்டங்களுக்குள் இல்லை. உதிரிபாகம் விற்பவரும் அட்டவணை எழுதுபவரும் ஒருவரே என்பதையும் நினைவில் வைப்பது குற்றமாகாது.

ஆகவே முதல் ஆண்டில் கையேட்டை அட்சரம் பிசகாமல் அனுசரித்து, அதே சமயத்தில் அதைச் சோதனைக்குட்படுத்த வேண்டும். பெரும்பாலான ஆலைகளில் பராமரிப்புப் பதிவேடு என்பது, செய்த வேலைக்கு நேரே ஒரு சரிக்குறியும் பிட்டரின் கையொப்பமுமே. அந்தக் குறி வேலை நடந்ததைச் சொல்கிறது. வேலை தேவையாயிருந்ததா என்பதைச் சொல்வதில்லை. திறந்து பார்த்தபோது கிரீஸ் கறுத்திருந்ததா, புதிதாகவே இருந்ததா; கழற்றிய உறுப்பு தேய்ந்திருந்ததா, இன்னும் ஓடக்கூடியதாயிருந்ததா; பூட்டிய பின் எத்தனை மணிக்குள் மறுபடியும் கோளாறு வந்தது — இம்மூன்றையும் எழுதாத பதிவேடு, பத்து ஆண்டு எழுதினாலும் ஒரு கட்டத்தைக்கூட மாற்றும் அதிகாரம் பெறாது. மூன்றாவது கேள்வி வாடிங்டனுடையது. அதைக் கேட்கும் ஆலையைக் காண்பது அரிது.

எழுதுபவர் யார் என்பதும் விஷயம். 1971-இல் ஜப்பானில் நிப்பான் டென்சோ நிறுவனம் பராமரிப்புக்காகப் பரிசு பெற்றதையொட்டிப் பரவிய முறையை விளக்கிய செய்ச்சி நகாஜிமா, யந்திரத்தை ஓட்டுகிறவரே அதைத் துடைத்து, பார்த்து, கேட்டு அறிய வேண்டும் என்று வற்புறுத்தினார். நம் ஆலைகளில் பிரேமின் பக்கமாக ஷிப்டு முழுதும் நடந்து, அறுந்த நூலை ஒட்டிக்கொண்டே செல்லும் சைடர்தான், எந்தக் கதிர் அடிக்கடி அறுக்கிறது, எந்தப் பக்கம் சத்தம் மாறியிருக்கிறது என்பதைப் பிட்டருக்கு முன்பே அறிகிறவர். அநேக இடங்களில் அவர் ஒரு பெண். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, ஓடும் யந்திரத்தைப் பரிசோதித்து எண்ணெயிடும் வேலையை, விசேஷப் பயிற்சி பெற்றுப் பதிவேட்டில் பெயர் ஏறிய வயது வந்த ஆண் தொழிலாளருக்கே விட்டது. ஆபத்தை முன்னிட்டு ஏற்பட்ட விதி அது. கையால் தொடக் கூடாதென்பதால், அவர் கண்டதையும் கேட்டதையும் எழுதக்கூடாதென்று ஆகாது. பராமரிப்பு அட்டையில் சைடருக்கென ஒரு பத்தி ஒதுக்குவதற்குச் செலவு ஏதுமில்லை.

புதிய யந்திரம் வாங்கும் ஆலை முதலாளிகளுக்கும் மேலாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. நிறுவ வந்த பொறியாளர் ஊர் திரும்பும் முன், ஒவ்வொரு பிரேமின் மோட்டார் கரண்டையும், பேரிங்குகளின் அதிர்வையும் வெப்பத்தையும், பழகும் காலம் முடிந்து முழு வேகத்தில் ஓடும்போது அளந்து, அவர் கையொப்பத்தோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். யந்திரம் நல்ல நிலையில் இருந்தபோது அதன் அளவு என்ன என்பதைப் பின்னால் எந்தக் கருவியாலும் அளக்க முடியாது.